சேலத்தில் இருக்கிறேன், கையில் எலெக்ட்ரிக் கிட்டாரும் சின்ன ஆம்ப்பும் (ஒலிபெருக்கி). கிட்டார் ஒலியை மாற்ற, காலால் அழுத்தும் எஃபெக்ட்ஸ் பெடல்களில் முதலில் எதை வாங்கலாம்?

ஐந்தாறு பெடலை ஒரே நாளில் வாங்காதீர்கள். சுருதி சேர்க்க ஒரு ட்யூனர், ஒலியைக் கரகரப்பாக்க ஒரு ஓவர்டிரைவ் போதும். ஓவர்டிரைவ் உங்கள் விரலுக்குக் கட்டுப்படும்: மெல்ல மீட்டினால் சுத்தமாக ஒலிக்கும், அழுத்தினால் கரகரக்கும். 1978-ல் வந்த பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1 நல்ல பெடல்தான். ஆனால் அது டிஸ்டார்ஷன், அதாவது ஓவர்டிரைவைவிடக் கடுமையாகக் கரகரக்கும் வகை; கூர்மையாகக் கத்தும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய, சேலம் குகைப் பகுதித் தெருவில் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும்.

பிறகு எதிரொலி தரும் டிலே பெடல் வாங்கினால், கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் வரிசையில் ஓவர்டிரைவுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்துக் குழம்பும்.

அடாப்டரில் கவனம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். ஏற்காட்டில் ஒரு நிகழ்ச்சிக்கு முன், அவசரத்தில் நடுமுனை பாசிட்டிவான ரவுட்டர் அடாப்டரைச் செருகி ஒரு பெடலைப் புகைய விட்டவன் நான்.