மணல் ஒட்டிய பெயின்டிங் உதிர்கிறதே?

கேள்வி: மரப்பலகையில் வெள்ளைப் பசை தடவி, கடற்கரை மணலும் சிப்பியும் ஒட்டி, அக்ரிலிக் பெயின்ட் அடிக்கிறேன். மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. மேலே ஆயில் பெயின்ட் அடித்தால் நிற்குமா?
– வாசகி, குளச்சல்

பதில்: அக்ரிலிக் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் ஆயில் அடிக்கலாம், ஆனால் ஆயில் மேல் அக்ரிலிக் மட்டும் வேண்டாம், உரிந்து வந்துவிடும். ஆனால் உங்கள் பிரச்சினை பெயின்ட் இல்லை, உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். நம் குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. மணல், சிப்பி இரண்டையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நாக்கில் கரிக்காத அளவுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, வெயிலில் காயப்போடுங்கள். வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். அதற்குப் பதில் அக்ரிலிக் ஜெல்லில் (அக்ரிலிக் பெயின்டோடு சேரும் கெட்டியான பசை) மணலைக் கெட்டிச் சட்னிப் பதத்துக்குக் குழைத்து, கத்தியால் மெல்லிசாக இழுங்கள். ஒரேயடியாகத் தடிமனாகப் போட்டால் வெடிக்கும், காய்ந்தபின் இன்னொரு பூச்சு கொடுங்கள். கனமான சிப்பிக்கு எபாக்சிதான் (இரண்டு பாகத்தைக் கலந்து ஒட்டும் பசை) சரி.

அப்புறம் ஒன்று, மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் பார்க்க அழகுதான், ஆனால் அதில் மோனசைட் கலந்திருக்கிறது, தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உள்ள கனிமம். வீட்டில் தொங்கும் படத்துக்கு அது வேண்டவே வேண்டாம், சலித்த ஆற்றுமணலில் கறுப்பு அக்ரிலிக் கலந்தாலே அந்த நிறம் வந்துவிடும்.