நகத்தின் வேரில் ஃபீனால் வைக்கலாமா?

கேள்வி: என் கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் குத்திச் சீழ் பிடித்ததால், இருமுறை நகத்தை முழுவதுமாக அகற்றினார்கள். வளர்ந்ததும் மீண்டும் குத்துகிறது. இப்போது ஓரத்தை மட்டும் எடுத்துவிட்டு, வேரில் ஃபீனால் என்ற ரசாயனத்தை வைக்கலாம் என்கிறார் மருத்துவர். இது ஆபத்தில்லையா? நகமே முளைக்காமல் போய்விடுமா?

பதில்: நகம் முளைப்பது, அதன் அடிப்பக்கத் தோல்மடிப்புக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியிலிருந்துதான், அதைத் தொடாமல் நகத்தை மட்டும் பிடுங்கினால், அதே அகலத்தில் மறுபடியும் வளர்ந்து அதே இடத்தில் குத்துவதில் வியப்பில்லை. உங்கள் மருத்துவர் சொல்வது, என் கருத்தில், முதல்முறையே செய்திருக்க வேண்டிய சிகிச்சை.

விரலை மரத்துப்போகச் செய்து, அடியில் இறுக்கக் கட்டி ரத்தத்தை நிறுத்தியபின், குத்தும் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு நகத்தைக் கீறி எடுப்பார்கள். ரத்தம் கசிந்தால் ஃபீனால் நீர்த்து வலுவிழக்கும் என்பதால்தான் அந்தக் கட்டு. பிறகு, ஏறத்தாழ 80 முதல் 90 சதவீதச் செறிவுள்ள ஃபீனாலைப் பஞ்சில் தோய்த்து, அந்த ஓரத்து வேரில் மட்டும் ஓரிரு நிமிடங்கள் அழுத்தித் தேய்ப்பார்கள்; அது அங்குள்ள செல்களின் புரதத்தை உறையச் செய்து அழித்துவிடும். மற்ற வேர்ப்பகுதி அப்படியே இருப்பதால் நகம் வளரும். சற்றுக் குறுகலாக இருக்கும், அவ்வளவே. 1865-இல் ஜோசப் லிஸ்டர் புண்களில் கிருமியைக் கொல்லப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலமும் இந்த ஃபீனால்தான். இது நரம்பு நுனிகளையும் மரக்கச் செய்வதால், பின்வலி பலரும் அஞ்சுமளவுக்கு இருப்பதில்லை.

தொல்லை தருவது வலியைவிடக் கசிவுதான். ரசாயனத்தால் வெந்த புண் என்பதால் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நீர் கசியும். அதைச் சீழ் என்று எண்ணிப் பதற வேண்டாம். சிவந்த நிறம் விரலைத் தாண்டிப் பரவினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோதான் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புண் ஆறுமா என்பதைச் சோதித்த பிறகே தொடங்குவார்கள். கர்ப்பிணிகளுக்கு ஃபீனாலைத் தவிர்ப்பது வழக்கம்.

மறுபடியும் வளரவே வளராது என்று உறுதி தர இயலாது. வேரின் ஒரு மூலை தப்பிவிட்டால், சில மாதங்கள் கழித்து அங்கிருந்து முள் போன்ற மெல்லிய நகத்துண்டு முளைக்கலாம். அப்போது அந்த மூலைக்கு மட்டும் மீண்டும் ஃபீனால் வைத்தால் போதும்.