உறைபனிக் கருவியும் விற்கும் கூச்சமும்

வணக்கம். உறைபனி வருமுன் எச்சரிக்கும் கருவி ஒன்று செய்திருக்கிறேன். லோரா (நெடுந்தூர வயர்லெஸ்), 865 மெகாஹெர்ட்ஸ், 0.3 டிகிரிக்குள் துல்லியம். கோத்தகிரி, குன்னூர் தேயிலைக்காரர்கள் பலரிடம் காட்டியும் இரண்டுதான் போனது. பொருள் நன்றாக இருந்தால் தானே விற்காதா? விளம்பரம் செய்யக் கூச்சமாக இருக்கிறது.
வாசகர், உதகை

அன்புள்ள நண்பருக்கு,

தானே விற்காது. மார்க்கெட்டிங் என்றால் நோட்டீஸ் அடிப்பது என்று நினைப்பதால்தான் கூச்சம். யாருக்கு நஷ்டம், எந்த ராத்திரியில், என்ன செய்தால் தப்பலாம் என்று விசாரிப்பதுதான் அதில் முக்கால் பங்கு. அது உங்களுக்குத் தெரிந்த வேலை.

குளிர்ந்த காற்று கனமானது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவுத் தோட்டக்காரர் தலையாட்டிவிட்டுப் போனது நியாயம்தான். தலைகுந்தா, காந்தல் பக்கம் பள்ளத்தில் கேரட், உருளை போட்டவரிடமும், வருஷாவருஷம் பனிக்குப் பயந்து தாகைச் செடி வெட்டித் தேயிலையை மூடுகிறவரிடமும் போங்கள். அக்டோபரிலேயே போங்கள். ஜனவரியில் பயிர் கருகியபின் அவர் கையில் காசிருக்காது.

"வாங்குவீர்களா" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் "பார்க்கலாம்" என்பார்கள். போன பனியில் எத்தனை சென்ட் கருகியது, வீட்டிலிருந்து மோட்டாருக்கு எவ்வளவு நேரம், ராத்திரி கரண்ட் நிற்குமா என்று கேளுங்கள். பதில்கள் கருவியையே மாற்றும். பனியிலிருந்து காக்க நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரைப் பயிர் உறையுமுன் போட வேண்டும், ஐஸ் உருகும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நின்றால் நனைந்த இலையில் நீர் ஆவியாகி இன்னும் குளிரும். போடாததைவிடச் சேதம் அதிகமாகலாம், பழி உங்கள் கருவிமேல் விழும். ஆகவே பூஜ்யத்தில் அடிக்கும் அலாரத்தால் பயனில்லை. விவசாயி மோட்டாருக்கு நடந்து போகும் நேரத்தையும் கணக்கிட்டு 2, 3 டிகிரியிலேயே அடிக்க வேண்டும். எஸ்எம்எஸ் தூக்கத்தில் கேட்காது, போன் கால்தான்.

காட்டும்போது இரண்டு சென்சார் வையுங்கள்: ஒன்று நெஞ்சு உயரத்தில், ஒன்று செடி மட்டத்தில். தெளிந்த இரவில் கீழே சில டிகிரி குறைந்திருப்பதை விவசாயி காலையில் தானே பார்ப்பார். "வாசல் தெர்மாமீட்டர் போதுமே" என்ற பேச்சு அதோடு முடியும்.

இலவசமாகக் கொடுக்காதீர்கள், மூலையில் கிடக்கும். சிறு முன்பணம் வாங்குங்கள். பனிக்காலம் முடிந்து திருப்தியில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

முதலில் அந்த இரண்டு பேரைப் போய்ப் பாருங்கள். எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டு, லோரா, 0.3 என்ற பேச்சை விட்டுவிட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையையே விளம்பர அட்டையில் அச்சிடுங்கள்.