காசிம் செலாமாட்டை எங்கே ஒளித்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

நான் செந்தூலில் இருக்கிறேன். போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் நண்பர்கள் நான்கு பேர் உட்கார்ந்து, எக்காலத்துக்கும் பிடித்த படங்கள் என்று ஆளுக்குப் பத்து எழுதினோம். என்னுடைய பத்து: பதேர் பாஞ்சாலி, ரஷோமோன், சைக்கிள் திருடர்கள், சில்ட்ரன் ஆஃப் ஹெவன், அந்த நாள், உதிரிப்பூக்கள், வீடு, நாயகன், ஹே ராம், ஜகாட். ஒருவன் பார்த்துவிட்டு, "ஜகாட்டுக்கு உள்ளூர் சலுகை குடுத்துட்டே" என்றான். இன்னொருவன் எம்.ஜி.ஆர். இல்லாதது பட்டியலே இல்லை என்றான். இரவு இரண்டு மணி வரை சண்டை. எம்.ஜி.ஆர். ரசிகன் இப்போது என்னோடு பேசுவதில்லை.

பிடித்த படமும் சிறந்த படமும் ஒன்றா? நம் நாட்டுப் படத்துக்குச் சலுகை தரலாமா? உங்கள் பத்துப் படங்கள் என்னென்ன?

பி.கு.: என் அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "டிவியில போட்டா எழுந்திரிக்காம பார்ப்பியே, அந்த ரம்லி படம் எங்கே?" என்று கேட்டார். அது வேறு கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
க., செந்தூல்

அன்புள்ள தம்பி,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என்னை எழுத உட்கார வைத்தது அந்த மூன்றும் இல்லை, உங்கள் பின்குறிப்பு. கடிதத்திலேயே முக்கியமான கேள்வியை உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். அதைக் கடைசியில் சின்னதாகப் போட்டு, ஒரு வரியில் மூடியும் விட்டீர்கள்.

சில நாட்களுக்கு முன் தமிழில் எழுதும் நண்பர் ஒருவர் ஈப்போவிலிருந்து பினாங்கு வந்திருந்தார். மலாய்ப் படங்களின் நடிகரும் பாடகரும் இயக்குநருமான பி. ரம்லியின் வீடு இங்கே ஜாலான் பி. ரம்லியில் இருக்கிறது. அவரை அங்கே அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "இதுல நமக்கு என்ன இருக்கு?" என்றார். இந்த நாட்டிலேயே பிறந்தவர், ரம்லியின் பாட்டை முனகாமல் அவரால் கார் ஓட்ட முடியாது. எனக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். பிடித்ததும் சிறந்ததும் ஒன்றா என்றால், இல்லை. ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதற்காக இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கத் தேவையே இல்லை. எம்.ஜி.ஆர். பெயரைச் சொன்ன நண்பர் தனக்குப் பிடித்ததை வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார். உங்கள் நால்வரில் நேர்மையாக எழுதியவர் அவராகத்தான் இருக்கும். இன்றைக்கே கூப்பிட்டு அவரோடு பேசுங்கள்.

உங்கள் பட்டியலில் குறை சொல்ல ஒரு படமும் இல்லை. 1954-ல் 'அந்த நாள்' என்று ஒரு பாட்டுகூட இல்லாமல் தமிழ்ப் படம் எடுக்க எஸ். பாலசந்தருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! 'உதிரிப்பூக்கள்' படத்தின் கடைசிக் காட்சியில், ஆற்றங்கரையில் கூடி நிற்கும் அந்த ஊர் ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். எல்லாம் சரி. ஆனால் இந்தப் பத்தையும் படித்துவிட்டு, இதை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று யாராவது கேட்டால், 'ஜகாட்' ஒன்றை மறைத்துவிட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சென்னையிலோ கோவையிலோ திரைப்படச் சங்கத்துக்குப் போகும் எந்த இளைஞரும் இதே பட்டியலைத் தருவார்.

சரி, ஜகாட்டுக்கு வருகிறேன். உள்ளூர் சலுகை என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் அந்த மலேசியத் தமிழ்ப் படத்துக்கு யாருடைய சலுகையும் வேண்டாம். தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் 1990-களில் புறம்போக்கு நிலக் குடியிருப்புகளில் என்ன ஆயின என்பதை அதற்கு முன் யார் அப்படித் திரையில் காட்டினார்கள்? மகன் படித்து மேலே வரவேண்டும் என்றுதான் அப்பா அடிக்கிறார். அடிக்க அடிக்க மகன் அப்போய் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா பக்கம் நகர்கிறான். அந்த அப்பாவை எனக்குத் தெரியும். உங்கள் நண்பருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்த முகத்தைத் திரையில் பார்த்தால் சிலருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்துக்குச் சலுகை என்று பெயர் வைத்துவிட்டார்.

ஜகாட்டைப் பட்டியலில் சேர்த்த நீங்கள் 2016-ல் நடந்ததையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு 28-வது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான போட்டியை மொழி பார்த்துப் பிரித்தார்கள். தேசிய மொழிப் படங்கள் ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். ஜகாட் 'மற்றவை'யில் போய் விழுந்தது. நாம் கொதித்தோம். ஆனால் நாம் மட்டும் கொதித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மலாய்த் திரைக்கலைஞர்களே முன்னால் வந்து எதிர்த்தார்கள். ஓர் ஒளிப்பதிவாளர், தான் முன்பு வாங்கிய விருதுகளையே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போனார். பிறகு பிரிவுகளை மாற்றினார்கள். ஜகாட் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது.

அன்று விழாக்காரர்கள் போட்ட அதே கோட்டைத்தான் நீங்கள் உங்கள் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். மாமாக் கடை மேசையில், யாரும் கட்டாயப்படுத்தாமல், நீங்களாகவே. வங்காளம் இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது, இத்தாலி இருக்கிறது, ஈரான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மொழியில் ஒரு படம் இல்லை. ஒரு ஜோடி சப்பாத்துக்காக ஓடும் ஈரானியப் பையனுக்காக அழுதிருப்பீர்கள், நானும் அழுதேன். அதைத் திரைக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்துப் பார்த்தீர்கள். ரம்லி படத்துக்கு உங்களுக்கு எழுத்தே தேவையில்லை. அடுத்த வசனம் என்ன என்று நடிகருக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். எழுந்திரிக்காமல் பார்க்கிறீர்கள் என்று அம்மாவே சாட்சி சொல்கிறார். அப்புறம் அது எப்படி வேறு கணக்காகும்? எந்தக் கணக்குப் பிள்ளை உங்களுக்கு இரண்டு புத்தகம் போட்டுக் கொடுத்தார்?

அம்மா எந்தப் படத்தைச் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. 'இபு மெர்துவாகு' என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1962-ல் வந்தது. தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். சிங்கப்பூர் வானொலியில் பாடும் சாக்ஸபோன் கலைஞன் காசிம் செலாமாட். பணக்கார விதவை ஞோஞ்ஞா மன்சூரின் மகள் சபாரியா அவனைக் காதலிக்கிறாள். அந்த அம்மாவுக்கு இசைக்காரன் என்றால் ஆகாது. கல்யாணம் செய்துவைத்து இருவரையும் வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறாள். அவர்கள் இங்கே பினாங்குக்கு வந்து வறுமையில் கிடக்கிறார்கள். பிரசவத்துக்கென்று மகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்ட தாய், அவள் இறந்துவிட்டாள் என்று காசிமுக்குத் தந்தி அடிக்கிறாள். மகளை ஒரு கண் மருத்துவருக்குக் கட்டிக்கொடுக்கிறாள். அழுது அழுது காசிமின் பார்வை போகிறது. பல காலம் கழித்து அதே மருத்துவர் அவனுக்குப் பார்வையைத் திருப்பித் தருகிறார். மருத்துவரின் மனைவி யார் என்று தெரிந்ததும், கிடைத்த கண்களை காசிம் முள்கரண்டியால் தானே குத்திக்கொள்கிறான்.

மிகை என்பீர்கள். 'பாசமலர்' மட்டும் மிகை இல்லையா?

இந்தப் படத்தை நான் பாகான் டாலாமில் பெரியம்மா வீட்டில் பார்த்தேன். ஹரி ராயா விடுமுறை, கறுப்பு வெள்ளை டிவி. பக்கத்து வீட்டு மலாய் அம்மா வந்து (மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம்) தரையில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவுக்குக் கடையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். ஆனால் இந்தப் படத்தில் அவருக்குப் புரியாத இடம் என்று ஒன்றும் இருக்கவில்லை. முள்கரண்டிக் காட்சியில் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், மக்சிக் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். படம் முடிந்து அப்பளம் பொரித்துக்கொண்டே பெரியம்மா சொன்னார்: "சிவாஜிக்கும் கண்ணு போச்சு, இவனுக்கும் கண்ணு போச்சு. நல்ல ஆம்பளைங்களுக்கே கண்ணுதான் மொதல்ல போகுது."

சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. குற்றம் முழுக்க மாமியாருடையது, அந்த வீட்டில் அந்தத் தாய்க்கு எதிராக மகள் என்ன செய்ய முடியும் என்பது மக்சிக்கின் கட்சி. பெரியம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. தாய் கெட்டவள், சரி. ஆனால் இன்னொருத்தனுக்குக் கழுத்தை நீட்டியது யார்? அதற்கு முன்னால் பினாங்குக்கு ஒரு நடை வந்து பார்த்திருக்கக் கூடாதா? வேலி ஓரம் துணி காயப்போடும்போது இந்தப் பேச்சு நடக்கும். சந்தையிலிருந்து சேர்ந்து திரும்பும்போது நடக்கும். தெருவில் ஏதாவது கல்யாணப் பேச்சு எழுந்தால் சபாரியா உடனே வந்துவிடுவாள். பெரியம்மாவின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது ஒருநாள் மக்சிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நீ ஞோஞ்ஞா மன்சூர் ஆகிவிடாதே" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மகளைக் கூப்பிட்டு, அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அதற்கு முன்பு கேட்டிருக்கவில்லை.

படத்தைப் பற்றிய வாதம் என்றால் எனக்கு அதுதான் வாதம். நீங்கள் நான்கு பேரும் விடிய விடியப் பேசியது எது எத்தனாவது இடம் என்பதைப் பற்றி. 'பதேர் பாஞ்சாலி' மூன்றாவதா ஐந்தாவதா என்று பேசியிருப்பீர்கள். அதில் சிறுவன் அபுவின் அக்கா துர்கா அந்த மணிமாலையைத் திருடியது தப்பா என்று யாராவது பேசினீர்களா? 'வீடு' படத்தில் சுதா அந்த மனையில் கை வைத்தே இருக்கக் கூடாது என்று எவராவது சண்டைக்கு வந்தாரா? அப்படிச் சண்டை போட்டு நண்பர்கள் பிரிந்திருந்தால்கூட நான் மதித்திருப்பேன். இதைக் கோபமாகவே எழுதுகிறேன், கோபமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிப்பவர்களில் ஒருவர் நிச்சயம் எனக்கு எழுதுவார்: "ஐயா, ரம்லியே நம்ம ஆளுங்க வளர்த்தவர்தானே." உண்மைதான். சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய ஸ்டுடியோவில் அந்தக் காலத்து இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ரம்லி முதலில் தலைகாட்டிய 'சிந்தா' (1948) பி. எஸ். ராஜ்ஹான்ஸின் படம். மெட்ராஸில் பிறந்த எல். கிருஷ்ணன்தான் 'பக்தி' (1950) படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கினார். அந்த முகத்தை வைத்துப் படம் ஓடாது என்று மற்றவர்கள் தயங்கிய நேரம் அது. 'இபு' (1953) எஸ். ராமநாதன் எடுத்தது. அழும் தாய், பணக்காரப் பெண், ஏழைப் பையன், கதை நடுவே பாட்டு, எல்லாம் நமக்குப் பழக்கமாகத் தெரிவதற்கு இவர்கள் ஒரு காரணம்.

இந்த வரலாற்றை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் "நம்ம ஆளு எடுத்தது, அதனால் பிடிக்கலாம்" என்று சொல்ல வந்தால் எனக்கு ஏற்பில்லை. கிருஷ்ணனின் பெயரைக் காட்டி ரம்லியை உள்ளே விடுவதென்றால், மறுபடியும் வாசலில் ஆள் நிறுத்தி யார் எந்த இனம் என்று கேட்கிறோம். பெரியம்மாவுக்கு எல். கிருஷ்ணன் யாரென்றே தெரியாது. 1955-ல் 'பெனாரேக் பெச்சா' படத்தைத் தானே இயக்கிய பிறகு, ரம்லி கற்றுக்கொடுத்தவர்களைத் தாண்டிப் போய்விட்டார். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவனைக் கதாநாயகனாக்கி, கதை, பாட்டு, நடிப்பு எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். 'அந்தாரா டுவா டர்ஜாட்' (1960) படத்தில் அரச பரம்பரைத் திமிரை அவர் காட்டியதைப் பார்க்கும்போது நம்மூர் சாதித் திமிர் நினைவுக்கு வராமல் இருக்காது. அதைப் பற்றி ஒரு தமிழ் விமர்சகராவது நம்மிடையே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டாமா? 1973-ல் 44 வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு பிறந்த நம் பிள்ளைகளும் அவர் வசனத்தைச் சொல்லித்தான் பள்ளி இடைவேளையில் சிரித்தார்கள். அத்தனை நெருக்கமான ஒருவரை எழுத்தில் மட்டும் தெரியாதவர்போலக் கடந்து போகிறோம். ஈப்போ நண்பருக்கும் இதுதான் என் பதில்.

தம்பி, உங்களைத் திட்டியதற்குக் காரணம், நீங்கள் படத்தை நேசிக்கிறவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு பட்டியலுக்காக நட்பு முறியும் அளவுக்கு உங்களுக்கு அது முக்கியம். அந்த ஆசையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் "அது வேறு கணக்கு" என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. உங்களுக்கு அழவும் சிரிக்கவும் முதலில் சொல்லிக்கொடுத்த பார்வையாளர் அவர்தான்.

என் பத்தை நான் தரப்போவதில்லை. நீங்களும் பட்டியலைத் திருத்தி அனுப்ப வேண்டாம். இந்த வாரம் அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் படத்தை முழுக்கப் பாருங்கள். முடிந்ததும், சபாரியா செய்தது சரியா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன். நீங்கள் அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் பெரியம்மா கட்சி. வறுமை தாங்காமல் அம்மா வீட்டுக்குப் போனதில் தப்பில்லை. ஆனால் சபாரியா ஒருமுறையாவது பினாங்குக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு