கஸ்டம் வாட்டர் கூலிங் கணினி கட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? முதல்முறை கட்டுபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பிராசசர் மேல் மாட்டும் விசிறி வைத்த நல்ல ஏர் கூலரே போதும் என்று பலரும் சொல்கிறார்கள். இருந்தும் கணினிக்குள் தண்ணீர் ஓடவிடுவதையே சிலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்களே, ஏன்? நானும் தொடங்கலாமா? கேள்வி இதுதான். ஏழு வருடமாக இதில் இருக்கிறேன். எனக்கு மூன்று, நண்பர்களுக்கு இரண்டு என்று ஐந்து கணினிகள் கட்டியிருக்கிறேன். தாராளமாகத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: கட்டியதை வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்தாக வேண்டும். கட்டும்போதே கழற்றுவதையும் யோசித்தால் இது சுகமான பொழுதுபோக்கு. யோசிக்காமல் கட்டியவர்கள் ஒரே வருடத்தில் பாகங்களை விற்றுவிட்டு ஒதுங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேகம் கூடும் என்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். இப்போதைய பிராசசர்களில் வெப்பம் சில சதுர மில்லிமீட்டர் சிலிக்கானில் பிறக்கிறது. அது மேலே உள்ள உலோக மூடியையும், வெப்பத்தைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட்டையும் தாண்டித்தான் கூலரைத் தொடுகிறது. நெரிசல் அந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு காற்று இருந்தால் என்ன, தண்ணீர் இருந்தால் என்ன, வித்தியாசம் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இருக்காது. ரைசன் 9 7950எக்ஸ் போன்ற பிராசசர் முழுச் சுமையில் 95 டிகிரிவரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. அதற்கு எவ்வளவு நல்ல லூப் (தண்ணீர் சுற்றிவரும் மூடிய பாதை) போட்டாலும் கிடைத்த இடைவெளியில் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு மறுபடி அந்த எல்லையை நோக்கியே போகும்.

கிராபிக்ஸ் கார்டு கதை வேறு. அங்கே உலோக மூடி கிடையாது; சிப்பின் மேல் பிளாக், அதாவது உள்ளே தண்ணீர் ஓடும் உலோகத் துண்டு, நேராக உட்காருகிறது. என் கார்டு அதன் சொந்த விசிறிகளோடு 78 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. பிளாக் மாட்டிய பிறகு அதே வேலைக்கு 51. அதைவிடப் பெரிய மாற்றம் சத்தத்தில். மூன்று மணிநேரம் வீடியோ ரெண்டர் ஓடும்போதும் அறையில் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்கிறது. எனக்கு இந்த அமைதிதான் முதல் காரணம்.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பாகங்கள் வாங்குவதில் பாதிக் குழப்பம் தீரும். ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால் சிப்பிலிருந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய், இடம் தாராளமாக உள்ள ரேடியேட்டரில் சாவகாசமாகக் கொட்ட முடிகிறது. கடைசியில் அதைக் காற்றில்தான் விடுகிறோம். எனவே எத்தனை ரேடியேட்டர் வைத்தாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீர் போகாது. ரேடியேட்டர் எவ்வளவு வேண்டும் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: ஒவ்வொரு 100 வாட்டுக்கும் ஒரு 120 மி.மீ. விசிறி அளவு ரேடியேட்டர். பிராசசரும் கார்டும் சேர்ந்து 500 வாட் என்றால் 360 (மூன்று விசிறி அளவு) ஒன்று, 240 (இரண்டு விசிறி அளவு) ஒன்று. அறையைவிடத் தண்ணீர் சுமார் 10 டிகிரி மட்டும் சூடாக இருந்தால் லூப் நன்றாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது: பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு ரேடியேட்டர் கட்டாயம் வேண்டுமா? வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 400 வாட் கார்டைத் தாண்டும்போது தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான் சூடாகும். சில நிமிடங்களில் லூப் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வந்துவிடும். குழாய் எந்த வழியில் குறைவாக வளைகிறதோ அந்த வழியில் விடுங்கள். வரிசையில் மாற்றக்கூடாதது ஒன்றுதான்: தண்ணீர் தேங்கும் சிறு தொட்டியான ரிசர்வாயர் பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நாம் அதிகம் பயன்படுத்தும் டி5 வகைப் பம்பில் உள்ளே ஒரு சிறு பீங்கான் குண்டின் மேல்தான் சுழலி உட்கார்ந்து சுற்றுகிறது. அதற்கு எண்ணெயும் தண்ணீரே, குளிர்ச்சியும் தண்ணீரே. வறண்டு ஓடினால் சீக்கிரமே கெட்டுவிடும்.

இனி என் முதல் கணினி. பார்க்க அழகாக இருந்தது. தெளிவான பி.வி.சி. குழாய், நீல நிறத் திரவம். வடிகால் வைக்கவில்லை. பதினொன்றாவது மாதம் பிராசசர் சூடு மெல்ல ஏற ஆரம்பித்தது. திறக்க வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் தண்ணீரை எங்கிருந்து வெளியேற்றுவது என்ற கேள்வியே வந்தது. இருந்ததிலேயே தாழ்வான ஃபிட்டிங் (குழாயை இணைக்கும் திருகு முனை) கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு சாண் மேலே. கேபினட்டைச் சாய்த்து, துணிகளைத் திணித்து, பாத்திரத்தை ஏந்திக்கொண்டு மெல்லத் திருகினேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு ரேடியேட்டருக்குள் காற்று புகுந்த நொடியில் மொத்தமாகக் கொட்டியது. அதில் கொஞ்சம் கார்டின் பின்பக்கத்தில். மின்சாரம் முன்பே துண்டித்திருந்ததால் தப்பித்தது. கழற்றி இரண்டு நாள் காயவிட்டுத்தான் மறுபடி போட்டேன்.

பிளாக்கைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. செம்புத் தகட்டில் தலைமுடி அளவு இடைவெளியில் வரிவரியாகச் செதுக்கிய வெட்டுகள் இருக்கும். தண்ணீர் அவற்றுக்கு நடுவில்தான் ஓடுகிறது. அந்த வெட்டுகளின் மேல் மெழுகு தடவியதுபோல வெள்ளையாக ஒரு படலம். நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. பி.வி.சி. குழாயை வளையும்படி ஆக்கச் சேர்க்கும் மென்மையாக்கி மாதக்கணக்கில் கசிந்து, திரவத்தின் நிறப்பொடியோடு கலந்து, லூப்பிலேயே மிகக் குறுகலான அந்த இடத்தில் வந்து அடைந்திருந்தது. மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெட்டுகளின் போக்கிலேயே தேய்த்து எடுக்க ஒரு மாலை முழுவதும் போனது. போட்டபின் சூடு 14 டிகிரி இறங்கியது.

அன்றிலிருந்து எந்தக் கணினியையும் வடிகாலிலிருந்துதான் வரையத் தொடங்குகிறேன். லூப்பின் ஆகத் தாழ்வான இடத்தில் T வடிவத்தில் மூன்று வாய் உள்ள ஒரு டி-ஃபிட்டிங், அதில் திருகித் திறந்து மூடும் ஒரு பால் வால்வு (ball valve), அதன் வாய் கேபினட்டுக்கு வெளியே குழாய் மாட்ட எட்டும்படி. மேலே, நிரப்புவதற்கு ஒரு வாய். இந்த மேல்வாய்தான் வடிக்கும்போது காற்று நுழையும் வழி. உறிஞ்சு குழாயின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் இறங்காமல் நிற்கிறதல்லவா? மேலே காற்று போக வழியில்லாத லூப்பும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த இரண்டு ஃபிட்டிங்கும் வாங்கிய பிறகு மற்றதை யோசியுங்கள். ஃபிட்டிங் கலந்து வாங்குவதில் பயமில்லை. இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லோரும் ஜி 1/4 என்ற ஒரே அளவு மரைதான் வைக்கிறார்கள். ஒருவரின் பம்ப், இன்னொருவரின் பிளாக், மூன்றாமவரின் ரேடியேட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்.

உலோகம் கலப்பதில்தான் பயம் வேண்டும். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு, இவை சேர்ந்திருக்கலாம். அலுமினியத்தை இவற்றோடு ஒரே தண்ணீரில் விட்டால் அலுமினியம் அரிபடத் தொடங்கும். கடையில் மூடிய நிலையில் கிடைக்கும் ஆல்-இன்-ஒன் கூலர்களின் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். பழையதிலிருந்து பிய்த்து எடுத்து லூப்பில் சேர்த்துவிடாதீர்கள். திரவம், காய்ச்சி வடித்த நீரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவை சேர்த்த தெளிவான திரவம் போதும். பால்போல ஒளி ஊடுருவாத நிறத் திரவங்கள் படத்துக்கு நன்றாக இருக்கும். அந்தப் பொடி நாளாக ஆகப் படியும்.

குழாய் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: முதல் கணினிக்கு மென்குழாய், அதுவும் கறுப்பு இ.பி.டி.எம். ரப்பர். அதிலிருந்து மென்மையாக்கி கசியாது, வருடக்கணக்கில் வரும், கார்டை மாற்றினால் அதே குழாயைக் கொஞ்சம் வளைத்து மாட்டிக்கொள்ளலாம். கடினக் குழாயில் கார்டின் வாய் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் புதிதாக வளைக்க வேண்டும்.

ஆனாலும் கடினக் குழாய் வளைப்பதில் ஒரு இன்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. குழாய் வளையும் இடத்தில் நசுங்காமல் இருக்க உள்ளே சிலிக்கான் கயிறு நுழைக்க வேண்டும். சூடான காற்றை வீசும் ஹீட் கன்னுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, விரல்களால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கம் குமிழி கட்டிவிடும். அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று குழாயின் கனம் மாறியதுபோல இருக்கும். கையில் பிடித்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியாகத் தளரும். அதுதான் நேரம். இழுக்காமல், தள்ளாமல், அது விழும் போக்கிலேயே 90 டிகிரிக்குக் கொண்டுபோய், குளிரும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். முதல் நாள் ஆறு குழாய் வீணானது. ஏழாவது நேராக உட்கார்ந்தது. வெட்டிய முனையின் கூர்மையை உள்ளும் புறமும் மழுக்கிவிட மறக்கக் கூடாது. கூர்முனை ஃபிட்டிங்கின் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) கீறிவிடும், கசிவு அங்கிருந்துதான் வரும்.

ரேடியேட்டரைப் புதிது என்று நம்பி அப்படியே மாட்டக் கூடாது. உள்ளே பற்றவைக்கப் பயன்படுத்திய ஃபிளக்ஸ் என்ற பசையின் மிச்சமும் உலோகத் துகளும் இருக்கும். சூடான காய்ச்சி வடித்த நீரைப் பாதி ஊற்றி, வாய்களை அடைத்து, கை வலிக்கும்வரை குலுக்கி, வெள்ளைப் பாத்திரத்தில் கொட்டிப் பாருங்கள். முதல் முறை மிளகுத்தூள்போலக் கறுப்புப் புள்ளிகள் வரும். ஒன்றுமே வராமல் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். விசிறியை ரேடியேட்டரில் பொருத்தும் திருகின் நீளத்தையும் அளந்து பாருங்கள். 25 மி.மீ. விசிறிக்கு 30 மி.மீ. திருகு சரி. ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடினால் முனை தண்ணீர் ஓடும் தட்டைக் குழாயைத் துளைத்துவிடக்கூடும். துளைத்துவிட்டால் அந்த ரேடியேட்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கசிவுச் சோதனையில் அவசரம் கூடவே கூடாது. முதலில் காற்று: கைப்பம்பு போன்ற சோதனைக் கருவியை மாட்டி அரை பார் அழுத்தத்துக்கு ஏற்றி, அரை மணிநேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட அதிகம் ஏற்றினால் அக்ரிலிக் பாகங்கள் விரிசல் விடலாம். முள் நின்ற பிறகுதான் தண்ணீர். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் எல்லா மின் கேபிள்களையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 முனைப் பிளக்கில், மதர்போர்டு இல்லாமலேயே அதை இயக்கும் ஜம்பர் மாட்டினால் பம்ப் மட்டும் ஓடும். ரிசர்வாயரை நிரப்பி, இரண்டு நொடி ஓடவிட்டு நிறுத்தி, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். கேபினட்டை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டரில் ஒளிந்திருக்கும் காற்று களகளவென்று வெளியேறும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு மெல்லிய காகிதத் துண்டு வைத்து 24 மணிநேரம் ஓடவிடுகிறேன். ஈரம் பட்ட காகிதம் எந்த ஃபிட்டிங் என்று காட்டிவிடும். அந்த இரவு எனக்கு ஒவ்வொரு முறையும் தூக்கம் வராது. இரண்டு மூன்று முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். காகிதமெல்லாம் காய்ந்து கிடப்பதைக் காலையில் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே அடுத்த கணினியை யோசிக்கத் தோன்றும்.

விசிறி வேகத்தைப் பிராசசர் சூட்டை வைத்து அமைத்தால் உலாவியைத் திறந்தாலே விசிறி இரைந்து அடங்கும். லூப்பில் ஒரு வெப்ப உணரியை மாட்டி, தண்ணீரின் சூட்டை வைத்து அமையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் மெல்லத்தான் ஏறும், மெல்லத்தான் இறங்கும். விசிறியும் அதற்கேற்ற நிதானத்தில் சுற்றும்.

இப்போதைய கணினியைப் போன வாரம் வடித்தேன். வால்வில் குழாய் மாட்டி, மேல்வாயைத் திறந்து, கீழே ஒரு கண்ணாடிப் புட்டி வைத்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் முக்கால் லிட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில், இதற்கு முன் நிரப்பியபோது எடுத்துவைத்த மாதிரிப் புட்டியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே தெளிவு, அடியில் ஒரு துகள் இல்லை. பிளாக்கைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. புதுத் திரவம் ஊற்றி, காகிதத் துண்டுகளை மறுபடி வைத்துவிட்டு, பம்பை ஓடவிட்டேன்.