குவிமாடம் யாருக்கு உரியது?

கேள்வி: சென்ற இதழில் வந்த எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் ஆலயத்தின் பென்சில் ஓவியத்தில் சிலுவையும் இல்லை, பீடமும் இல்லை, தூண்களும் குவிமாடமும் மட்டுமே உள்ளன. குவிமாடம் மசூதிக்கு உரியதல்லவா? தேவாலயத்தின் அடையாளம் கூர்கோபுரம்தானே? – வாசகர், திருச்சி.

பதில்: குவிமாடத்தை ஒரு சமயத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஹகியா சோபியா தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டது 537ஆம் ஆண்டில். அதாவது நபிகள் நாயகம் பிறப்பதற்கும் முன்பு. பின்னாளில் உஸ்மானியத் துருக்கியர் எழுப்பிய பெரும் மசூதிகள் அந்த வடிவத்திலிருந்தே பாடம் கற்றன.

கூர்கோபுரம் எழும்பூரிலும் இருக்கிறது. தெருவில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவதும் அதுவே. ஆனால், லண்டனின் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1818 முதல் 1821 வரை மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டிய இந்த ஆலயத்தின் உயிர், உள்ளே வட்ட மண்டபத்தின் மேல் 16 தூண்கள் தாங்கி நிற்கும் அந்தக் குவிமாடத்தில்தான் இருக்கிறது. அதன் உட்புறம் முழுவதும் நீலம் தீட்டி, விண்மீன்களைப் பதித்திருக்கிறார்கள். சுரூபங்களையும் படங்களையும் வழிபாட்டிலிருந்து விலக்கிவைத்த ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் என்ற சீர்திருத்தக் கிறித்தவ மரபினருக்காக எழுந்த ஆலயம் இது; அவர்கள் தங்கள் தலைக்கு மேல் வானத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஓவியர் வாசலில் நின்று வரையாமல், மண்டபத்தின் நடுவில் அண்ணாந்து பார்த்து வரைந்ததன் காரணமும் அதுவே.

அச்சில் மங்கிப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். மூலப்படத்தை மேசைமேல் விரித்துப் பார்த்தபோது, விண்மீன்களுக்காக ஓவியர் வெள்ளை எதையும் தீட்டவில்லை என்பது தெரிந்தது. சுற்றிலும் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அடுக்கடுக்காகத் தேய்த்துக் கருமை ஏற்றியவர், நெல்மணி அளவுக்குக் காகிதத்தை ஆங்காங்கே தொடாமல் விட்டிருக்கிறார். அந்த வெற்றிடங்களே ஒளிர்கின்றன. நீலத்தைக் காட்ட வழியில்லாத பென்சிலைக் கொண்டு இரவு வானத்தை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்படத்தில் சமயக் குறியீடு இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

எனக்குள்ள மனக்குறை வேறு. சதுப்பான அந்த மண்ணில் இவ்வளவு பாரத்தை நிறுத்துவதற்காக, நம் ஊர் முறைப்படி சுட்டமண் உறைகளைக் கிணறு கிணறாக இறக்கி, அவற்றின் மேல்தான் அஸ்திவாரம் போட்டார்கள். அண்ணாந்து பார்த்து வரைந்த படத்தில் அந்த உறைக்கிணறுகளுக்கு இடமில்லாமல் போயிற்று.