ஆய்வகத்தில் கழியும் மணிகள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வேலூரை அடுத்த ஒரு கல்லூரியில் வேதியியலில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். மாத உதவித்தொகைக்கு ஈடாக வாரத்திற்கு 14 மணி நேரம் இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்பைக் கவனிக்கிறேன்; ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்துவதும் என் தலையில்தான். எப்படிக் கற்பிப்பது என்று ஒருவரும் ஒரு நாள்கூடச் சொல்லித் தந்ததில்லை. இது பணி அனுபவமாகக் கணக்கில் வருமா?
– ஆய்வு மாணவி, குடியாத்தம்.

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்டத்திற்காகச் செலவிடும் காலம் கற்பித்தல் அனுபவமாகக் கொள்ளப்படாது. விடுப்பு எடுக்காமல் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே ஆய்வு செய்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை உண்டு. ஆகவே இந்த மணிகளைக் கூட்டிக் காட்டி நேர்முகத் தேர்வில் பயன்பெறலாம் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் அதே குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. எத்துறை ஆய்வாளராயினும் தம் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும் என்றும், ஆய்வக வகுப்பு, விடைத்தாள் மதிப்பீடு போன்றவற்றை வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் வரை ஒப்படைக்கலாம் என்றும் அவை கூறுகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தை விளக்க வேண்டியவர். நெறியாளரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட்டு, வாராந்தர நேர அட்டவணையை அங்கே வையுங்கள். தனியாகப் போய் முறையிடுவதைவிட இதுவே பாதுகாப்பு. நெறியாளரின் முகம் சுளிப்பதைச் சமாளிக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு பயிற்சிதான்.

பயிற்சியை யாரேனும் கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அமில-காரத் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) மாணவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள்: பியூரெட் எனும் அளவுக் குழாயின் நுனியிலுள்ள காற்றுக் குமிழை நீக்காமலே தொடங்குவார்கள், அளவைக் கண்மட்டத்தில் பார்க்காமல் மேலிருந்து பார்ப்பார்கள், நிறங்காட்டியான பினாப்தலின் மெல்லிய இளஞ்சிவப்பாக மாறி நிலைத்த இடத்தில் நிறுத்தாமல் அடர்ந்த நிறம் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் ஐந்தே நிமிடம் ஒதுக்கி, அன்று எது புரியவில்லை, எப்படி விளக்கியபோது புரிந்தது என்று ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள். மூத்த பேராசிரியர் ஒருவரை ஒரு வகுப்பிற்கு வந்து பின்வரிசையில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆசிரியப் பணிதான் குறி என்றால் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்திற்கு அதுவே குறைந்தபட்சத் தகுதி. வேறு வழியும் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது: ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு, சோதனை செய்யவும், அதன் முடிவை வேதியியல் அறியாதவருக்குப் புரியும்படி சொல்லவும் தெரிந்தவர்கள் தேவை. அங்கே விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.